ஜெர்மனியின் நிதானத்துக்குப் பழகுவது எப்படி? புதிதாகக் குடியேறும் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனிக்குக் குடிவரும் நம்மவர்கள் குளிருக்குத் தயாராகித்தான் வருகிறார்கள். ஸ்வெட்டரும் தெர்மல் உடையும் பெட்டியில் முதலிலேயே ஏறிவிடும். காத்திருப்புக்குத்தான் யாரும் தயாராகி வருவதில்லை. வீட்டுக்கு இணைய இணைப்பு வர வாரக்கணக்கில் ஆகும். தோல் மருத்துவரைப் பார்க்க இரண்டு மாதம் கழித்து ஒரு தேதி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் தீர்ந்துபோனால் தெருவில் ஒரு கடையும் திறந்திருக்காது. பத்து நிமிடத்தில் மளிகை வாசலுக்கு வரும் சென்னையிலிருந்து வந்தவருக்கு இது பெரிய அடிதான்.

நான் பல ஆண்டுகளாக பவேரியாவில் வசிக்கிறேன். புதிதாக வரும் குடும்பங்கள் முதல் ஆண்டில் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து "இந்த ஊரே இப்படித்தான், எல்லாம் மெதுவு" என்று அலுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். உண்மையில் இங்கே மூன்று வகை மெதுவு இருக்கிறது. சட்டமே காத்துக்கொடுக்கும் ஓய்வு ஒன்று. அரசு அலுவலகங்களின் தாமதம் இன்னொன்று. மனிதர்கள் நம்மோடு பழக எடுத்துக்கொள்ளும் காலம் மூன்றாவது. முதலாவதை அனுபவிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், இரண்டாவதை முன்கூட்டியே திட்டமிட்டு வெல்ல வேண்டும், மூன்றாவதற்குப் பொறுமையோடு நேரம் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பலிக்காது.

முதல் படி: காகித வேலைகளை வரிசைப்படி தொடங்குங்கள்

இங்கே ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். வரிசை தப்பினால் தாமதம் இரட்டிப்பாகும்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் முகவரிப் பதிவு. இங்குள்ள தமிழர்கள் பேச்சில் அது "அன்மெல்டுங்". குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். கடவுச்சீட்டோடு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்றும் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வீடு கைக்கு வரும் அன்றே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் "டெர்மின்", அதாவது முன்பதிவு செய்த சந்திப்பு நேரம், கிடைக்காமல் போகலாம். அப்படியானால் கிடைக்கும் முதல் தேதியைப் பதிந்து, பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறர் ரத்து செய்யும் இடங்கள் அவ்வப்போது இணையதளத்தில் திறக்கும். காலையில் ஒருமுறை பார்க்கும் பழக்கம் நல்ல பலன் தரும்.

முகவரி பதிந்த பிறகு வரி அடையாள எண் தபாலில் வரும். அது கைக்கு வராதவரை சம்பளத்தில் கூடுதல் வரி பிடிக்கப்படலாம். பிடித்த பணம் பின்னர் சரிசெய்யப்படும், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடிதம் உங்களை வந்து சேர வேண்டுமானால் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இங்கே முகவரியில் ஃபிளாட் எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் ஒட்டாததால் வங்கி அட்டை திரும்பிப்போய், ஒரு மாதம் வீணான குடும்பங்கள் உண்டு. சாவி வாங்கிய அன்றே ஒரு வெள்ளைத்தாளில் குடும்பப் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். மனைவியின் பெயர் வேறாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அப்பா பெயரை இரண்டாம் பெயராகக் கொண்ட நம் குடும்பங்களில் ஆளுக்கொரு பெயர் இருப்பது சகஜம்.

கடிதங்களை ஒன்றுகூடத் தூக்கிப் போடாதீர்கள். கடைகளில் கிடைக்கும் பெரிய வளையக் கோப்பு ஒன்றை வாங்கி வீடு, காப்பீடு, வரி, விசா என்று பிரித்து அடுக்குங்கள். பல ஆண்டுகள் கழித்து நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கோப்பு உங்களுக்கு வாரக்கணக்கான அலைச்சலை மிச்சப்படுத்தும்.

விசா விஷயத்தில் மட்டும் நிதானம் கூடாது. தங்கும் அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அப்படிச் செய்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கருதுகிறது. அதற்குச் சாட்சியாக ஓர் இடைக்காலச் சான்றிதழ் தருவார்கள். அதில் எந்தச் சட்டப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டவர் தங்குவதற்கான சட்டத்தின் பிரிவு 81-இன் 4-ஆம் உட்பிரிவு என்றால் வெளிநாடு போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் அந்தத் தாளை நம்பி நாட்டைவிட்டுப் போகக் கூடாது. தங்கையின் கல்யாணத்துக்கு டிக்கெட் போடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருப்பதை வியாபாரிகளின் சோம்பலாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நாட்டின் அரசியல் சட்டத்தில் இருக்கும் விஷயம். ஞாயிறும் விடுமுறை நாட்களும் உழைப்பிலிருந்து ஓய்வு பெறவும் மனம் உயரவும் உரிய நாட்களாகக் காக்கப்படும் என்று 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டம் சொன்னது. அந்தப் பிரிவை இன்றைய அரசியல் சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது. கடை மூடும் நேரத்தை 2006-க்குப் பிறகு அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. பெர்லினில் வார நாட்களில் இரவு முழுவதும்கூடத் திறக்கலாம். பவேரியாவில் இரவு 8 மணிக்குக் கதவு அடைபடும். கல்லாவில் இருக்கும் பெண்ணும் தன் பிள்ளைகளோடு ஒரு நாள் முழுதாக இருக்க வேண்டும் என்று ஒரு நாடே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. எனக்கு இதில் உண்மையான மரியாதை உண்டு.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. வாரச் சாமான்களை வெள்ளி மாலையோ சனி காலையோ வாங்கி முடியுங்கள். பொது விடுமுறை ஞாயிறை ஒட்டி வந்தால் தொடர்ந்து இரண்டு நாள் கடை இருக்காது. ஈஸ்டர் சமயத்தில் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அடைப்பு, நடுவில் இருக்கும் சனியன்று கூட்டம் அலைமோதும். விடுமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பவேரியாவின் ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு மட்டும் ஆகஸ்ட் 8 அன்று தனியாக ஒரு சமாதான விழா விடுமுறை உண்டு. உங்கள் ஊர் நாட்காட்டியை அடுக்களைச் சுவரில் மாட்டிவிடுங்கள். அவசரத்துக்கு ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் திறந்திருக்கும். பேக்கரிகள் பல ஞாயிறு காலை சில மணி நேரம் இயங்கும். கறிவேப்பிலையும் தேங்காய்த் துருவலும் ஃப்ரீசரில் எப்போதும் இருக்கட்டும்.

கடையோடு சேர்ந்து சத்தமும் ஓய்வெடுக்கும் நாள் இது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும், ஞாயிறு முழுவதும், அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் சத்தம் கூடாது. நம் வீடுகளில் இதில் மாட்டுவது மிக்ஸியும் கிரைண்டரும்தான். மாவாட்டுவதைச் சனிக்கிழமை பகலில் வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டருக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டுக்கு அதிர்வு இறங்காது. குளிர்காலத்தில் மாவு புளிக்க, ஓவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் ஞாயிறு காலை இட்லிக்குத் தயாராகிவிடும். சுவரில் துளையிடுவதும், காலி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதும் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கட்டும். குழந்தை அழுவதற்கும் ஓடுவதற்கும் பயப்பட வேண்டாம். புதிதாகக் குடிவந்ததும் பக்கத்து வீடுகளுக்கு ஒருமுறை போய், "எங்களுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது" என்று முகம் காட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த நாளை எதைக் கொண்டு நிரப்புவது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: நிரப்ப வேண்டாம். காலையில் நன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மதியம் அருகிலுள்ள காட்டுப்பாதையில் நடந்துவிட்டு வாருங்கள். மூன்று, நான்கு மணிக்கு ஊரே கேக்கும் காப்பியுமாக உட்காரும் நேரம். நம் வீட்டில் அது கேசரியும் ஃபில்டர் காப்பியுமாக இருக்கட்டுமே.

மூன்றாம் படி: வேலை நேரத்தின் எல்லையை நம்புங்கள்

மாலை ஐந்துக்கு அலுவலகம் காலியாவதைப் பார்த்து, தான் மட்டும் ஏழு மணி வரை உட்கார்ந்து நல்ல பெயர் வாங்கப் பார்ப்பவர்கள் நம்மில் நிறைய. இங்கே அது நல்ல பெயர் தராது. வேலையைத் திட்டமிடத் தெரியாதவர் என்றுதான் பலர் எண்ணுவார்கள். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்க இடையில் 11 மணி நேர ஓய்வு கட்டாயம் என்று வேலை நேரச் சட்டம் சொல்கிறது. இரவு 11 மணிக்கு ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் காலை 8 மணிக்கு வேலையைத் தொடங்குவது இந்தச் சட்டத்துக்கு ஒவ்வாது.

சென்னை அணியோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல். கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் இந்தியா முந்தியிருக்கும். இங்கே மதியச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது அங்கே மாலையாகிவிடும். இரு ஊர் வேலை நேரமும் ஒன்றாக அமைவது காலைப் பொழுதுதான், பேச வேண்டியதையெல்லாம் அதற்குள் முடித்துவிடுங்கள். இந்தியத் தோழர்களிடம் உங்கள் எல்லையை முதல் மாதமே சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் சகாக்கள் ஐந்து மணிக்குக் கிளம்ப, இந்திய அழைப்புகளை மட்டும் இரவில் எடுத்துக்கொண்டிருந்தால், இரண்டு நாட்டுச் சுமையையும் நீங்கள் ஒருவரே சுமப்பீர்கள்.

ஆண்டுக்கும் ஒரு தாளம் உண்டு. வெள்ளி மதியத்துக்கு மேல் முடிவுகளை எதிர்பார்க்காதீர்கள். ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் வரையும், கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரையும் பாதி நாடு விடுப்பில் இருக்கும். ஒப்புதல் வேண்டிய வேலைகளை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விடுப்பை மிச்சம் பிடிக்காதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் என்பது சட்டம். பல நிறுவனங்கள் 30 நாள் வரை தருகின்றன. அந்த ஆண்டிலேயே எடுத்துவிடுவதுதான் விதி. தகுந்த காரணம் இருந்தால் அடுத்த மார்ச் 31 வரை தள்ளலாம். ஊருக்குப் போக மூன்று, நான்கு வாரம் சேர்த்துக் கேட்பது இங்கே வழக்கமான ஒன்று, கூச்சப்படத் தேவையில்லை. ஆனால் ஜனவரியிலேயே கேட்க வேண்டும், ஏனென்றால் சகாக்கள் அப்போதே தங்கள் தேதிகளை எழுதிவிடுவார்கள். விடுப்பில் இருக்கும்போது காய்ச்சல் வந்து மருத்துவர் சான்று கொடுத்தால், அந்த நாட்கள் விடுப்புக் கணக்கில் கழியாது.

உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் இருங்கள். வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆனவருக்கு, ஒரு நோய்க்கு ஆறு வாரம் வரை முழுச் சம்பளத்தையும் நிறுவனமே தர வேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அலுவலகம் வருபவரை அக்கறையுள்ளவராக இங்கே யாரும் பார்ப்பதில்லை.

நான்காம் படி: மருத்துவத்தில் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது

வந்த முதல் மாதமே, நோய் எதுவும் இல்லாதபோதே, வீட்டருகில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிச் சேர்ந்துவிடுங்கள். காய்ச்சலோடு தேடினால் "புதியவர்களை இப்போது சேர்ப்பதில்லை" என்ற பதில் கிடைக்கலாம். சாதாரணக் காய்ச்சலுக்கு ஓய்வெடுங்கள், தேநீர் குடியுங்கள் என்றுதான் சொல்வார்கள். ஆன்டிபயாட்டிக் இல்லாமல் அனுப்பிவிட்டாரே என்று கோபம் வரும். வைரஸ் காய்ச்சலுக்கு அது பயன்படாது என்பதால் தருவதில்லை.

சிறப்பு மருத்துவர் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பொதுக் காப்பீட்டில் இருப்பவர்கள் குடும்ப மருத்துவரிடம் அவசரக் குறியீட்டோடு பரிந்துரைத் தாள் கேட்டு, 116117 என்ற எண்ணிலோ அதன் இணையதளத்திலோ பதியலாம். நான்கு வாரத்துக்குள் ஏதாவது ஒரு மருத்துவரிடம் தேதி தேடித் தருவது அவர்கள் கடமை. இரவிலும் ஞாயிறிலும் மருத்துவர் தேவைப்பட்டாலும் இதே எண்தான். ஒவ்வொரு பகுதியிலும் முறைவைத்து ஒரு மருந்துக்கடை இரவெல்லாம் திறந்திருக்கும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குழந்தைக்கு வலிப்பு என்றால் ஒரு நொடியும் யோசிக்காமல் 112. இந்த நாட்டின் நிதானம் அந்த எண்ணுக்குப் பொருந்தாது.

ஐந்தாம் படி: வீட்டில் இருப்பவரின் நாளுக்கு ஒரு வடிவம் கொடுங்கள்

நான் மிகவும் கவலைப்பட்டுச் சொல்ல விரும்புவது இதைத்தான். வேலைக்குப் போகிறவருக்கு இந்த ஊரின் மெதுவு வரமாக அமையும், மாலைகள் திரும்பக் கிடைக்கும். கூட வந்த துணைக்கு, பெரும்பாலும் மனைவிக்கு, அதே மெதுவு சிறையாக மாறிவிடுகிறது. ஊரில் ஆசிரியையாகவோ வங்கியிலோ இருந்தவர் இங்கே மொழி தெரியாமல் நாலு சுவருக்குள் நாளெல்லாம் இருக்கிறார். தெருவில் பேச்சுச் சத்தம் இல்லை, கதவைத் தட்டி "என்ன குழம்பு?" என்று கேட்க ஆளில்லை. கணவர் மாலையில் வந்து "அமைதியா எவ்வளவு நல்லா இருக்கு பாரு" என்றால் அழுகைதான் வரும்.

இதற்கு முதல் மருந்து, கட்டாயமாக வீட்டைவிட்டு வெளியே போக வைக்கும் ஒரு நேர அட்டவணை. அரசு ஆதரவில் நடக்கும் ஒருங்கிணைப்புப் படிப்பில் பொதுவாக 600 மணி நேர மொழி வகுப்பும் 100 மணி நேர நாட்டறிமுகமும் இருக்கும். அதில் இடம் கிடைக்கவில்லை என்றால் எல்லா ஊரிலும் இருக்கும் மக்கள் கல்விக்கூடத்தில், அதாவது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில், குறைந்த கட்டணத்தில் ஜெர்மன் வகுப்புகள் உண்டு. மொழியைவிட அந்த வகுப்பறைக்குப் போய்வரும் காலைப்பொழுதுதான் முதல் சில மாதங்களில் உயிர் கொடுக்கும். சிரியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்த பெண்கள் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். அரைகுறை ஜெர்மனில் தொடங்கும் அந்த நட்புகள் பல, வருடக்கணக்கில் நிலைத்ததைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும் துணையோடு சேர்ந்து வாழ வந்தவருக்குப் பொதுவாக வேலை செய்யும் உரிமையும் இருக்கிறது. தங்கும் அனுமதி அட்டையோடு வரும் தாளில் அது எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

கணவர்களுக்கு ஒன்று. முதல் ஆண்டில் நகர அலுவலகம், மருத்துவர், பள்ளி என்று எல்லாவற்றையும் நீங்களே முடித்துக்கொடுப்பது உதவி போலத் தெரியும். பேக்கரியில் ரொட்டி வாங்குவதிலிருந்து ஒவ்வொன்றாக அவரையே பேசவிடுங்கள், பக்கத்தில் நின்றால் போதும்.

ஆறாம் படி: மனிதர்களுக்கு நேரம் கொடுங்கள்

இங்கே ஒருவர் வீட்டுக்குத் திடீரென்று போய் நிற்க முடியாது. "ஒரு நாள் சந்திப்போம்" என்று சொன்னால் நாட்காட்டியை எடுத்து மூன்று வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமையைக் குறிப்பார்கள். அதை ஒதுக்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறித்துவிட்டால் மழை பெய்தாலும் வருவார்கள், சொன்ன நிமிடத்துக்கு வருவார்கள். நீங்களும் அப்படியே போங்கள்.

நட்பு வளரும் இடம் சங்கங்கள்தான். கால்பந்து, பாட்டு, செஸ், மலையேற்றம், தன்னார்வத் தீயணைப்பு என்று சின்ன ஊரிலும் பல சங்கங்கள் இருக்கும். ஒன்றில் சேர்ந்து வாரந்தோறும் தவறாமல் போங்கள். முதல் மாதங்களில் தலையசைப்பும் வணக்கமும்தான். ஆண்டு விழாவுக்கு மேசை தூக்கிப்போட ஆள் கேட்கும்போது முன்னால் போய் நில்லுங்கள், அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும்.

நம்மவர்களையும் தேடுங்கள். 1980-களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் இங்கே கோயில்களையும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளையும் தங்கள் உழைப்பால் எழுப்பியிருக்கிறார்கள். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் கோடைகாலத் தேருக்கு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு நின்றுவிடாமல், இவர்களிடம் போய்ப் பேச வேண்டும். இந்த நாட்டில் ஒன்றுமில்லாமல் தொடங்கி எப்படி வாழ்வது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஏழாம் படி: குளிர்காலத்தை வெளிச்சத்தால் எதிர்கொள்ளுங்கள்

டிசம்பரில் மியூனிக்கில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து பார்த்தால் நள்ளிரவு போல இருக்கும். மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம் வெளியே நடப்பது கட்டாயம், மேகமூட்டமாக இருந்தாலும். வைட்டமின் டி அளவை மருத்துவரிடம் கேளுங்கள். நவம்பரில் மனம் சோர்ந்தால் ஊரை வெறுத்து முடிவுகள் எடுக்க வேண்டாம். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்போது யோசித்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: அப்பா அம்மாவை வரவழைக்க இப்போதே தொடங்குங்கள்

மே முதல் செப்டம்பர் வரை பெற்றோருக்கு ஏற்ற காலம். பகல் நீளம், பூங்காக்களில் ஆட்கள் இருப்பார்கள், மொழி தெரியாவிட்டாலும் பெஞ்சில் உட்கார்ந்து பொழுது போகும். ஷெங்கன் விசாவில் அதிகபட்சம் 90 நாள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். நீங்கள் செலவைப் பொறுப்பேற்பதாக இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதித்தரும் உறுதிப் பத்திரமும் பெரும்பாலும் கேட்கப்படும். அந்தப் பத்திரத்துக்கு இங்கே ஒரு தேதி, விசா விண்ணப்பத்துக்கு ஊரில் ஒரு தேதி, இரண்டும் சேர்ந்து மாதங்களை விழுங்கும். கோடையில் அவர்கள் இங்கே இருக்க வேண்டுமானால், பொங்கல் முடிந்த கையோடு இரண்டு தேதிகளையும் பதிந்துவிடுங்கள்.